அலாரத்துக்குப் போட்ட தொப்பி

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஸ்ரௌவ்வில்லில் ஒரு குடிபூரல். என் ஒன்றுவிட்ட தங்கை சுதா பதினைந்து வருடம் அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்துவிட்டு ஒருவழியாகச் சொந்த வீடு வாங்கியிருக்கிறாள். மார்க்கம் என்ற நகருக்கு வடக்கே, சோளக் காணிகளை அழித்துப் புதிதாகப் போட்ட தெருக்கள். எல்லா வீடும் ஒரே அச்சு. வீட்டு இலக்கங்களையும் பனி மூடியிருந்ததால் நாங்கள் முதலில் வேறு யாருடைய வீட்டு மணியையோ அடித்து, கையில் பலகாரத் தட்டோடு அசடு வழிந்து நின்றோம். கதவைத் திறந்த சீனப் பெண்மணி எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். எங்களுக்கு முன்னமே இரண்டு மூன்று பேர் வந்துபோயிருக்க வேண்டும்.

சரியான வீட்டுக்குள் நுழைந்தபோது ஐயர் வந்துவிட்டார். புது அடுப்பில் பால் பானை ஏறியிருந்தது. சுதாவின் மைத்துனர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினார். அவர் கையில், குளிக்கும்போது தலைமயிர் நனையாமல் பெண்கள் போடுகிற பிளாஸ்டிக் தொப்பி. கூரையில் இருந்த புகை அலாரத்தின் மேல் அதை மாட்டி, இலாஸ்டிக்கை இழுத்துவிட்டார்.

"இனி ஐயர் என்னத்தை எரிச்சாலும் பயமில்லை," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கையிலிருந்த தட்டை யாரிடம் கொடுத்தேன் என்று நினைவில்லை. வாசலைத் திறந்துகொண்டு, சப்பாத்துக்கூடப் போடாமல், வெறும் காலுறையோடு வெளியே பனிக்குள் போய் நின்றேன். புது வீட்டைப் பார்த்த பொறாமை என்று சிலர் நினைத்திருக்கலாம். நினைக்கட்டும். அது பயம். அந்தப் பயத்தின் காரணத்தை ஊரில் இருக்கிற என் அண்ணனுக்கும் சொல்லவில்லை, இங்கே இருப்பவர்களுக்கும் முழுதாகச் சொல்லவில்லை. இந்தக் குறிப்பை அதற்காகத்தான் எழுதுகிறேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் இந்தத் தொப்பி விவகாரத்தை விளக்க வேண்டும். இங்கே வீட்டுக்கு வீடு, தளத்துக்குத் தளம், கூரையில் வட்டமாக ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். புகை பட்டால் காது கிழியக் கத்தும். வீடு எரிகிறதா, நாங்கள் கற்பூரம் காட்டுகிறோமா என்ற வித்தியாசமெல்லாம் அதற்குத் தெரியாது. செத்தல் மிளகாய் தாளித்தாலே ஊரைக் கூட்டுகிற அலாரங்களும் உண்டு.

பதினெட்டு வருடத்துக்கு முன் நாங்கள் திருகோணமலையிலிருந்து வந்த முதல் பொங்கல், வோபர்ன் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில். பால் பொங்கி வழிந்து அடுப்பில் கருகியது. அலாரம் கத்தியது. யன்னலைத் திறந்திருக்க வேண்டும். நான் பதறிப்போய் வீட்டுக் கதவை அகலத் திறந்துவிட்டேன். புகை வெளியே பொதுத் தாழ்வாரத்துக்குப் போய், அங்கிருந்த அலாரம் கட்டடம் முழுவதையும் கிளப்பிவிட்டது. பதினாறு தளத்துச் சனமும் படியால் இறங்கிப் பனிக்குள் நின்றது. ஒரு கிழவர் தன் பூனையை மேலங்கிக்குள் வைத்திருந்தார், பூனையின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. தீயணைப்பு வண்டி இரண்டு வந்தன. இரும்புத் தொப்பியோடு வந்தவர் ஒருவர் என் பானைக்குள் எட்டிப் பார்த்து, "ரைஸ்?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அன்று முழுக்க ஒருவர் முகத்திலும் விழிக்க முடியாமல் கூனிக் குறுகிப் போனேன்.

மறுநாள் பன்னிரண்டாம் தளத்தில் இருந்த ஒரு தமிழ் அன்ரி வந்து கதவைத் தட்டினார். கையில் குளியல் தொப்பி.

"பிள்ளை, இஞ்ச எல்லாரும் இதைத்தான் செய்யிறது. பூசைக்கு முன்னம் போடு. முடிய எடு," என்றார்.

முடிய எடு என்பதையும் அவர் சேர்த்துத்தான் சொன்னார். அதை இந்தக் குளிர்காலத்தில் எத்தனையோ தடவை நினைத்துவிட்டேன்.

எட்டு வருடத்துக்கு முன் அஜக்ஸுக்கு வீடு மாறினோம். கீழே, நிலத்துக்கு அடியில், பேஸ்மன்ட் என்று ஒரு தளம். தமிழர் பலரையும் போல நாங்களும் பொரியல் மணம் மேலே போகாமல் இருக்க அங்கே இன்னொரு குசினி வைத்திருக்கிறோம். சாமி அலுமாரியும் அங்கேதான். என் கணவருக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. பகலில் நித்திரை கொள்ள இருட்டு வேண்டும் என்பதால் அவருடைய கட்டிலும் பேஸ்மன்ட் அறையில்தான். அதற்கு அடுத்த சிறிய அறைக்குள் வீட்டைச் சூடாக்குகிற எரிவாயு இயந்திரம். குசினி, கட்டில், இயந்திரம் என்று இந்த மூன்றுக்கும் நடுவில் கூரையில் ஓர் அலாரம். மேல்மாடியில் இருப்பது புகைக்கு மட்டும். கீழே இருப்பது புகைக்கும் விஷவாயுவுக்கும் சேர்த்து.

விஷவாயு என்றால் காபன் மொனொக்சைட். இயந்திரத்தின் கழிவு வெளியேறுகிற குழாய் அடைபட்டால் அது வீட்டுக்குள் நிறையும். நிறமில்லை, மணமில்லை. தலை இடிக்கும், வயிற்றைப் பிரட்டும், நித்திரை வரும். பிறகு எழும்ப மாட்டோம். இதையெல்லாம் சொல்லுகிற ஒரு கடதாசி எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டியிருக்கிறது. "முதலில் வெளியே போங்கள். பிறகு 911ஐ அழையுங்கள். யாரையும் தேடி உள்ளே போகாதீர்கள்." பால் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும். எட்டு வருடத்தில் எனக்கு அது மனப்பாடம்.

3

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. குளிர்காலம் வந்தால் என் பயங்களுக்குக் கொண்டாட்டம். காலை ஐந்தேகாலுக்கு எழும்பி, காரின் கண்ணாடியில் உறைந்த ஐஸைச் சுரண்டி, ரயில் நிலையம் வரை எட்டு நிமிடம் ஓட்ட வேண்டும். அந்த எட்டு நிமிடத்தில் தெரிந்த தேவாரம் எல்லாவற்றையும் பாடிவிடுவேன். சறுக்கினால் பிரேக்கை அமுக்கக்கூடாது என்று சொல்லித் தந்திருக்கிறார்கள். சறுக்கும்போது எந்தக் கால் அதைக் கேட்கிறது? ரயில் மேடையில் வெறும் ஈரம்போலத் தெரிவது ஐஸாக இருக்கும். போன வருடம் அதில் விழுந்து ஒரு மாதம் கையைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். அண்ணன் தொலைபேசியில், "ஸ்நோ வடிவா இருக்குமே, என்ன?" என்பார். "ஓம் அண்ணா, நல்ல வடிவு," என்பேன்.

நகர மையத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை. சத்திரசிகிச்சைக்குப் பாவித்த கருவிகளைக் கழுவி, எண்ணி, தட்டுகளில் அடுக்கிக் கிருமி நீக்க அனுப்புவது. ஒரு தட்டில் நாற்பது கருவி என்றால் நான் எண்ணி ஒப்பமிட வேண்டும், பிறகு இன்னொருத்தி எண்ணி ஒப்பமிட வேண்டும். இரண்டு ஒப்பம் விழாத தட்டு அறையைத் தாண்டாது. என் கையால் ஒரு கத்தரிக்கோல்கூடத் தவறியதில்லை என்று மேலாளரே சொல்லுவார். வேலை நேரம் முழுவதும் தலையில் இலாஸ்டிக் வைத்த நீலத் தொப்பி.

இந்த இருட்டுக்குள்ளும் நாங்கள் ஒரு கொண்டாட்டத்தையும் விடுவதில்லை. கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் ஏற்றிய தீபங்களைக் காற்று மூன்று தரம் அணைத்தது. நாலாம் தரம் இவர் எல்லாவற்றையும் தூக்கிக் கராஜுக்குள், கார் நிற்கிற இடத்தில் ஏற்றிவைத்தார். திருவெம்பாவைக்கு விடிய முன் எழும்பிப் படித்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன். வேலையிடத்துக் கிறிஸ்மஸில் ஆளுக்காள் பரிசு மாற்றியபோது எனக்கு இந்த வருடமும் வாசனை மெழுகுதிரிதான் கிடைத்தது. புதுவருடத்துக்கு மோதகம் அவித்தேன். ஒவ்வொன்றுக்கும் கற்பூரம், சாம்பிராணி. ஒவ்வொன்றுக்கும் தொப்பி.

போடுவது நான். பூசை முடிந்ததும் எடுப்பது யார்? அதை நாங்கள் பேசியதே இல்லை. அடுத்த தரம் தேடும்போது அது குளியலறைக் கொளுக்கியில் தொங்கும். இவர் எடுக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். நான் எடுக்கிறேன் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

4

எங்களுக்கு ஒரே மகள். மதுராவுக்குப் பதினேழு வயது, இங்கேதான் பிறந்தாள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. இரண்டு வருடமாக அவளுடைய அறைக்கதவு மூடியே இருக்கிறது. காதில் எந்நேரமும் எதையாவது மாட்டியிருப்பாள். சாப்பிட வா என்று நான் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிற நிலைமை.

பொங்கலன்று லீவு எடுத்திருந்தேன். இவர் வேலையால் வந்து குளித்துவிட்டு நின்றார். திருவெம்பாவையின்போது தொப்பியின் இலாஸ்டிக் தளர்ந்து அலாரம் கத்தியிருந்ததால், இந்த முறை தொப்பியைச் சுற்றி ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டினேன். மதுரா படியின் மேல்தட்டில் வந்து நின்றாள். இன்னும் நித்திரை உடுப்பு.

"குளிச்சிட்டு ஓடிவா, பிள்ளை. பால் பொங்கப் போகுது," என்றேன்.

"அம்மா, எனக்கு இண்டைக்குப் பள்ளிக்கூடத்தில ரெஸ்ற் இருக்கு. நான் வந்து சும்மாதானே நிக்கிறது. நீங்கள் ஃபோட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பத்தானே நான் வேணும்."

சுருக்கென்றது. உண்மை என்பதால்தான் அப்படிச் சுட்டது. "அப்பிடியெண்டால் நீ இனிக் கீழ வராத. ஒரு பூசைக்கும் வரவேண்டாம்," என்றேன்.

"ஓகே," என்றாள். கதவு மூடிய சத்தம் கேட்டது.

பால் பொங்கியது. படத்தில் இரண்டு பேர்தான். அண்ணன், மதுரா எங்கே என்று எழுதிக் கேட்டார். பள்ளிக்கூடம் போய்விட்டாள் என்று எழுதினேன். அதற்குப் பிறகு ஐந்து நாள் நானும் அவளும் ஒரு சொல் பேசவில்லை. கீழேயும் அவள் வரவில்லை.

5

ஆறாம் நாள் பனி கொட்டியது. முழங்கால் அளவு. பள்ளிக்கூட பஸ்கள் ஓடாது என்று அறிவித்ததால் மதுரா வீட்டில். நான் வழக்கம்போல இருட்டோடு புறப்பட்டுவிட்டேன். இவர் ஏழரைக்கு வந்து, கார் பாதையை ஒற்றை ஆளாக வெட்டித் துப்புரவாக்கி, ஒரு படமும் அனுப்பியிருந்தார். "பார், எப்பிடி வெட்டியிருக்கிறன்" என்று கீழே ஒரு வரி. நான் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன், சரியாகப் பார்க்கவில்லை. பெருவிரலை உயர்த்திக் காட்டும் சின்னப் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டுவிட்டு வைத்தேன்.

தினமும் இரண்டரைக்கு இவர் எழும்புவார். எழும்பியதும் என்னை அழைத்து, "எழும்பிட்டன்," என்பார். அந்த ஒரு சொல்தான், பிறகு வைத்துவிடுவார். அன்று அழைப்பு வரவில்லை. பனி வெட்டிய களைப்பு என்று நினைத்தேன்.

மூன்றரைக்கு வேலை முடிந்து உடை மாற்றும்போது நீலத் தொப்பியை இழுத்துக் கழற்றினேன். இலாஸ்டிக் விரலில் சுருண்டது. அதைத் தொட்டியில் போடப்போன கை அப்படியே நின்றது. பொங்கலுக்குப் போட்ட தொப்பியை நான் கழற்றவில்லை. குளியலறையில் அது தொங்கியதைப் பார்த்ததாகவும் நினைவில்லை.

உடனே பெரிதாகப் பயம் வரவில்லை. இவரை அழைத்தேன், எடுக்கவில்லை. ரயில் நிலையத்துக்கு நடந்தபடி மறுபடி அழைத்தேன். ரயிலில் ஏறி உட்கார்ந்து மூன்றாம் தரம். நித்திரையில் இருக்கும் ஆளை ஏன் எழுப்புகிறேன் என்று என்னையே பேசிக்கொண்டு, காலையில் அனுப்பிய படத்தைத் திறந்தேன். பாதை கண்ணாடியாகக் கிடந்தது. வெட்டிய பனி முழுவதையும் வீட்டின் பக்கச் சுவரோடு மலையாகக் குவித்திருந்தார். அந்தச் சுவரில், இடுப்பளவு உயரத்தில், எங்கள் இயந்திரத்தின் கழிவுக் குழாய் வெளியே வருகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழாய் இல்லை. பனிதான் இருந்தது.

ஈரக்குலை நடுங்கியது என்று ஊரில் சொல்வோமே, அது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ரயில் ஏரிக்கரையோரம் வந்து நின்றது. தண்டவாளத்தில் பனி, துப்புரவாக்குகிறார்கள் என்று அறிவித்தார்கள். வெளியே ஏரி எது, வானம் எது என்று தெரியாத வெள்ளை. மதுராவை அழைத்தேன். துண்டித்தாள். மறுபடி அழைத்தேன். துண்டித்தாள். ஐந்தாம் தரம் எடுத்தாள்.

"வாட்?" குரல் தடித்திருந்தது. "அம்மா, எனக்குத் தலையிடிக்குது. நித்திரை கொள்ளுறன்."

நான் சொல்ல வேண்டியது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு வருடம் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் வாசித்தது. வெளியே ஓடு, அவ்வளவுதான். என் பிள்ளை நித்திரைக் கண்ணோடு மேலே, தலையிடியோடு, ஆனால் பேசிக்கொண்டிருக்கிறாள். இவர் கீழே, பேசவில்லை. வாயைத் திறந்தேன்.

"மதுரா, கீழ போய் அப்பாவை எழுப்பு."

அரை நித்திரையில், "நீங்கள்தானே கீழ வரவேண்டாம் எண்டனீங்கள்," என்றாள்.

"போ பிள்ளை, ஓடு. காஸ் நிரம்பியிருக்கு. நான் தொப்பியைக் கழட்டேல்லை. அப்பா கீழ படுத்திருக்கிறார்."

கட்டில் முனகியது. படியில் கால்கள். பிறகு பேஸ்மன்ட் படியில் கால்கள். "அப்பா. அப்பா, கெற் அப். அப்பா." ஏதோ விழுந்த சத்தம். அதோடு தொடர்பு அறுந்தது.

எதிரில் இருந்த பெண் என்ன நடந்தது என்று கேட்டாள். பதினெட்டு வருடம் பேசிய இங்கிலிஷில் ஒரு சொல் வாயில் வரவில்லை. வீட்டு இலக்கம் தமிழில்தான் வந்தது. கைப்பையைக் கொட்டி, சாரதி அனுமதி அட்டையை எடுத்து அவள் முன்னால் நீட்டி, "காஸ்," என்றேன். "டோட்டர், மகள்," என்றேன். அவள் அட்டையில் இருந்த முகவரியைப் பார்த்து 911க்குச் சொன்னாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய பெயர் இன்றுவரை தெரியாது.

நான் மதுராவின் எண்ணை அமுக்கிக்கொண்டே இருந்தேன். மணி போனது, போனது, ஒருவரும் எடுக்கவில்லை. ஊரில் நான் பட்ட பயமெல்லாம் சத்தத்தோடு வந்தது. சத்தம் கேட்டால் குப்புற விழுவோம், ஓடுவோம், ஏதாவது செய்வோம். இந்தப் பயத்தில் சூடான பெட்டிக்குள் மெத்தை இருக்கையில் உட்கார்ந்திருப்பதைத் தவிரச் செய்ய ஒன்றுமில்லை. கீழே ஒருவர் இருந்தார். இப்போது இருவர். இரண்டாமவரை அனுப்பியது நான்.

எத்தனை நிமிடம் என்று தெரியாது. ரயில் நகரத் தொடங்கிய பிறகு ஒரு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா, நாங்கள் வெளியில. பக்கத்து வீட்டு ஃபோன். அப்பா வொமிற் பண்ணிக்கொண்டிருக்கிறார். பட் ஹீ இஸ் பிரீதிங்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "படியில ஏத்த ஏலாமப் போச்சு. இழுத்துக்கொண்டு வந்தனான்."

போன உயிர் திரும்பி வந்தது. நான் அழுத அழுகைக்கு ரயிலில் பாதிப்பேர் எழும்பி நின்றார்கள்.

6

மருத்துவமனையில் இரண்டு பேருக்கும் முகத்தில் ஒட்சிசன் மூடி. இவருக்குக் கண் முழித்திருந்தது. இடுப்பில் கட்டிய சாரத்தோடு பனியில் கிடந்ததால் ஒரு காலில் குளிர் கடித்திருந்தது. தீயணைப்பு அதிகாரி ஒருவர் வந்தார், நல்ல மனிதர். வழக்கமாக இப்படி நடந்தால் இயந்திரம் தானாகவே நின்றுவிடும், உங்களுடையது பழையது, நிற்கவில்லை என்றார். அரை மணி பிந்தியிருந்தால் என்று தொடங்கி, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையை உயர்த்திக் காட்டினார். அதற்குள் பூப்போட்ட குளியல் தொப்பி, ஓரத்தில் ஒட்டுநாடா.

"இதை யார் போட்டது?"

நான் வாயைத் திறக்க முன்னம் இவர் முகமூடியை விலக்கி, "நான்," என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். படிவத்தில் இவர் ஒப்பமும் வைத்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு பேசாமல் இருந்தேன். அலாரத்தை மூடுவது இங்கே சட்டப்படி குற்றம். அந்தப் படிவம் எங்கே போகும், வேலைக்குத் தெரியுமா, பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருவார்களா என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த மாதம் முழுவதும் தபால்பெட்டியைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.

அதிகாரி மதுராவின் பக்கம் திரும்பினார். நீ துணிச்சலான பிள்ளை, ஆனால் செய்தது பிழை, இப்படி உள்ளே போனவர்கள் பலர் திரும்பி வரவில்லை, முதலில் வெளியே போயிருக்க வேண்டும் என்றார். மதுரா முகமூடிக்கு மேலால் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, "ஐ நோ," என்றாள்.

அவர் போன பிறகு நான் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவளாகவே பேசினாள்.

"அம்மா, அந்த ஷவர் தொப்பி. நான்தான் எப்பவும் கழட்டுறனான்."

எனக்கு விளங்கவில்லை.

"நீங்கள் மறந்திடுவீங்கள். அப்பாவும் பார்க்க மாட்டார். கிரேட் ஃபோரில ஃபயர் சேஃப்ரி படிப்பிச்சவை. அண்டையில இருந்து நான்தான் கழட்டி பாத்ரூமில கொழுவுறனான். இந்த முறை நான் கீழ போகேல்லை."

நான் வரவேண்டாம் என்று சொன்னதால்தான் போகவில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. படத்துக்கு வந்து நிற்கிற பிள்ளை என்று நான் நினைத்தவள், ஏழெட்டு வருடமாக ஒவ்வொரு பூசைக்குப் பிறகும் கதிரையில் ஏறி எங்கள் உயிரைக் கொளுக்கியில் மாட்டிவைத்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

செய்தி பரவியதும் தொலைபேசி ஓயவில்லை. தாய் தகப்பன் சொல்லாமலே பிள்ளை தானாக இறங்கிப்போய் அப்பாவைக் காப்பாற்றிவிட்டாள் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அண்ணன் அழுதார். "பிள்ளைக்கு எப்பிடியடி அந்த யோசனை வந்தது?" என்று கேட்டார். "தெரியேல்லை அண்ணா," என்றேன். தொப்பியை இவர் தன் தலையில் போட்டுக்கொண்டார். மற்றதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. வெளியே ஓடு என்று சொல்ல வேண்டிய இடத்தில் கீழே போ என்று சொன்னேன். தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்து சொன்னேன்.

இப்போது வீட்டில் புது இயந்திரம், தளத்துக்கு இரண்டு அலாரம். கற்பூரம் இல்லை, நெய்விளக்கு மட்டும். இவர் மேல்மாடிக்குக் கட்டிலை மாற்றிக்கொண்டு, யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருக்கிறார். இரண்டரைக்கு அழைக்கிறார். இரண்டு முப்பத்தொன்று ஆனால் நான் எண்ணுவதை நிறுத்திவிட்டுத் தொலைபேசியைப் பார்க்கிறேன். அன்றைக்கு நான் சொன்னது அவள் காதில் விழுந்த மாதிரியே நினைவிருக்குமா, நினைத்துப் பார்க்கிறாளா என்று ரயிலில் போகும்போதும் வரும்போதும் யோசிக்கிறேன். கேட்கத் துணிவில்லை.

7

அதனால்தான் ஸ்ரௌவ்வில்லில் காலுறையோடு பனியில் நின்றேன். உள்ளே ஐயரின் மந்திரம் கேட்டது. பால் பொங்கியிருக்க வேண்டும், பெண்கள் சிரிக்கிற சத்தம் வந்தது. காலில் உணர்வு போய்க்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. மதுரா. சேலை கட்டியிருந்தாள், அதற்கு மேல் தன் குளிர் மேலங்கி. ஒரு கையில் என் சப்பாத்துகள். மற்றக் கையை விரித்துக் காட்டினாள். சுதா வீட்டுக் குளியல் தொப்பி கசங்கிக் கிடந்தது.

"முடிஞ்சுது. கழட்டிட்டன்," என்றாள். "அந்த அங்கிள் சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பம் எண்டவர். நான் கதிரையில ஏறி எடுத்திட்டன்."

அவள் குனிந்து சப்பாத்துகளை என் காலுக்கு நேரே திருப்பி வைத்தாள். நிமிரவில்லை. குனிந்தபடியே பேசினாள்.

"அம்மா, அண்டைக்கு நீங்கள் வெளியில போ எண்டு சொல்லியிருந்தா, நான் போயிருப்பன்."

அப்பாவை விட்டுவிட்டுப் போயிருப்பேன், நீங்கள் சொன்னதால் அவர் இருக்கிறார் என்கிறாளா? ஒரு சொல்லில் நான் தப்பியிருப்பேன், அந்தச் சொல்லை நீங்கள் எனக்குத் தரவில்லை என்கிறாளா? அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும். அவள் நிமிர்வதற்குள் நான் தெருவைப் பார்த்துக்கொண்டேன்.

"கால் விறைக்கப் போகுது, போடுங்கோ," என்றாள்.

அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைச் சப்பாத்துக்குள் விட்டேன். பிறகு மற்றக் காலை. அவள் தொப்பியைத் தன் மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கதவை எனக்காகத் திறந்து பிடித்தாள்.